பன்னிரண்டாவது விதி

கார் சங்கத்தின் விதிப்புத்தகத்தில் பன்னிரண்டாவது விதியைப் படித்த அன்றுதான் பல்லக்காவின் வஞ்சத்துக்குக் கைகால் முளைத்தது. அதுவரை அது நெஞ்சுக்குள் சும்மா புகைந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

விதி இதுதான். சங்கம் வாடகைக்கு எடுக்கும் பந்தயத் தடத்தில் நடப்பது பந்தயம் அல்ல. ஆசைக்கு ஓட்டுகிறவர்கள் பழகும் நாள். ஆகவே நினைத்த இடத்தில் யாரையும் முந்தக் கூடாது. நேர்ப்பாதையில் மட்டும் முந்தலாம்; அதுவும் முன்னால் போகிறவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் 'போ' என்று காட்டினால்தான். பின்னால் வருகிறவர் தன்னைவிட வேகம் என்று தெரிந்தால் முன்னால் போகிறவர் கை காட்டியே ஆக வேண்டும். கை காட்டிவிட்டால் பின்னால் வருகிறவர் முந்தியே ஆக வேண்டும். வாலைப் பிடித்துக்கொண்டு தொங்கக் கூடாது. மீறினால், அவர் முன்னால் போனவரோ பின்னால் வந்தவரோ, ஓராண்டுத் தடை.

பல்லக்கா அதை மூன்று முறை படித்தாள். அந்த மனுஷன் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, 'நீ என்னைவிட நன்றாக ஓட்டுகிறாய், போ' என்று நாலு பேர் பார்க்கக் காட்ட வேண்டும். அவளுக்குச் சொத்து வேண்டாம், மன்னிப்பு வேண்டாம். அந்தக் கை வேண்டும்.

அந்த மனுஷன் அவளுடைய முன்னாள் புருஷன்.

பல்லக்கா என்பது பட்டப்பெயர். அவள் பல் செய்கிறவள். சாவி வெட்டும் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில், ஜன்னலைத் திறக்க முடியாத ஓர் அறையில், பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு காலையிலிருந்து மாலைவரை சுரண்டுவாள், தேய்ப்பாள், மெருகேற்றுவாள். அறை முழுக்க மாவுத் தூசி. மேஜையில் வரிசையாக ஊரார் வாய்கள் திறந்தபடி கிடக்கும். செய்த பல் ஒரு காகிதக் கனம் உயர்ந்தாலும் போட்டவருக்கு ராத்தூக்கம் போய்விடும். அதனால் கை நடுங்காது அவளுக்கு, பொறுமைக்கும் குறைவில்லை. ஒரு கடைவாய்ப் பல்லோடு அரை நாள் மல்லுக்கட்டுகிறவளுக்கு ஒன்பது வருஷம் ஒரு வஞ்சத்தைக் காப்பாற்றி வைப்பது பெரிய காரியமா என்ன?

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு விருந்து முடிந்து வரும்போது, நன்றாகக் குடித்திருந்த அவன் காரைக் கொண்டுபோய் விளக்குக் கம்பத்தில் மோதினான். அவன் யார்? ஒரு லாரிக் கம்பெனியில் டிரைவர்களுக்குப் பாதுகாப்புப் பாடம் நடத்தும் அதிகாரி! "என் வேலையே போயிடும். நீ ஓட்டினேன்னு சொல்லிடு. உனக்கு என்ன, பல்லுகிட்ட யாரு லைசென்ஸ் கேக்கப் போறாங்க?" என்றான். இவளும் போலீஸ்காரர் வந்ததும், நான்தான் ஓட்டினேன் என்றாள். ஆறு மாதம் லைசென்ஸைப் பிடுங்கிவைத்தார்கள். புருஷன் பிழைத்தால் போதும் என்று அதையும் விழுங்கிக்கொண்டாள்.

அத்தோடு விட்டிருந்தால் கதையே இல்லை. ஒரு மாதம்கூட ஆகவில்லை, அவளுடைய சித்தப்பா மகள் கல்யாணத்தில் பந்திக்கு நடுவே நின்றுகொண்டு ஆரம்பித்தான்: "எங்க வீட்டம்மாவுக்கு ஒரு கம்பத்து மேல காதல். என்னை விட்டுட்டு ஓடிப்போய்க் கட்டிப் பிடிச்சுட்டாங்க!" பந்தியே குலுங்கிச் சிரித்தது. அவளும் பல்லைக் காட்டினாள், வேறென்ன செய்வாள்? அதற்குப் பிறகு கல்யாண வீடு, துக்க வீடு, ஆஸ்பத்திரி வராந்தா என்று அவன் அந்தக் கதையைச் சொல்லாத இடமில்லை. சொல்லச் சொல்ல அதில் புதுசு புதுசாகக் காது மூக்கு முளைத்தது. கடைசியில் அவனே அதை நம்ப ஆரம்பித்துவிட்டான். அவள் ஸ்டீரிங்கைத் தொட்டாலே ஒரு கையால் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு உட்காருவான்.

நாலு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பிரிந்து வந்தாள். வந்த பிறகு அம்மாவிடம் உண்மையைச் சொன்னாள். "பிரிஞ்சு வந்தப்புறம் சொன்னா யாரும்மா நம்புவா?" என்றாள் அம்மா. பெற்றவளே அப்படிக் கேட்டபிறகு மற்றவர்களிடம் போய் என்ன சொல்வது?

அவன் கார் சங்கத்தில் சேர்ந்து பெரிய ஆளாகிவிட்டான், சீக்கிரத்தில் புதியவர்களுக்குப் பயிற்சியாளராக ஆகப்போகிறான் என்று கேள்விப்பட்டதும் பல்லக்கா அந்தச் சங்கத்தில் சேர்ந்தாள். ஒரு சின்ன வெள்ளைக் கார், பழசு, வாங்கினாள். அவன் வராத நாட்களாகப் பார்த்துப் பார்த்து ஒரு வருஷம் பழகினாள். எந்த வளைவில் எங்கே பிரேக் மிதிப்பது, எங்கே விடுவது என்று ஒவ்வொரு பல்லாகத் தேய்ப்பதுபோலத் தேய்த்துக் கற்றுக்கொண்டாள். பிறகுதான் அவன் வரும் நாளில் தன் பெயரைப் பதிந்தாள்.

அன்று அவளுடைய தம்பியும் துணைக்கு வந்தான். தபால்காரன். அவனுக்குக் கார் ஓட்டத் தெரியாது, ஆனால் கருத்துச் சொல்லத் தெரியும். தடத்தில் இறங்கும் காருக்குள் உருளக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது என்பதால், மிதியடியிலிருந்து குடைவரை எல்லாவற்றையும் எடுத்துத் தரையில் பரப்பினார்கள். கதவில் கறுப்பு டேப்பால் முப்பத்தொன்று என்று எண் ஒட்டினார்கள்.

"அக்கா, உண்மையைச் சொல்லு. நீ இங்க என்னத்துக்கு வந்த?"

"அந்தக் கை வெளிய வரணும்."

"எந்தக் கை?"

"உன் பழைய மச்சான் கை."

தம்பி டேப்பைக் கடித்து அறுத்துக்கொண்டே தலையில் அடித்துக்கொண்டான். "அவர் வண்டி என்ன, உன் சோப்பு டப்பா என்ன! நேர்ப்பாதையில காத்து மாதிரி போயிடுவாரு."

"வளைவில காத்து எங்க போகுதுன்னு பாரு."

காலைக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் கொடிகளை விளக்கினார். வார நாட்களில் வங்கியில் உட்காருகிறவர். எதைச் சொன்னாலும் வட்டி விகிதம் படிப்பதுபோல் சொல்வார். நீலக் கொடி காட்டினால் பின்னால் வேகமான வண்டி இருக்கிறது, கை காட்டி வழிவிடு என்று அர்த்தம். சிவப்பு என்றால் எல்லோரும் நில். கேள்வி உண்டா என்றார். பின்வரிசையிலிருந்து அவன் எழுந்தான்.

"சார், தடத்தைச் சுத்தி விளக்குக் கம்பம் ஏதாவது இருக்கா? இருந்தா இன்னைக்குக் கொஞ்சம் கழட்டி வெச்சிடுங்க. அதோட பழைய காதலி வந்திருக்காங்க."

முப்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கதை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சிரிப்பு எழும்பி அடங்க நேரமானது. அவன் பக்கத்தில் நின்ற அவனுடைய இப்போதைய மனைவியும் சிரித்தாள். முதல் தடவை வந்திருப்பவள் என்பதற்கு அடையாளமாகக் கையில் மஞ்சள் பட்டை கட்டியிருந்தாள். பல்லக்கா அந்தச் சிரிப்பைக் குறித்துக்கொண்டாள். 'சிரிடி, நல்லாச் சிரி' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

முதல் சுற்று ஓட்டத்தில், தடத்தை இரண்டே வட்டம் வருவதற்குள் அவனைப் பிடித்துவிட்டாள். அவனுடைய நீளமான கறுப்புக் கார் வளைவுகளில் கர்ப்பிணிபோலத் திரும்பியது; வெள்ளைக் கார் அதன் பின்பக்கத்தில் மூக்கை வைத்துக்கொண்டே வந்தது. ஆனால் நேர்ப்பாதை வந்ததும் அவன் அழுத்துவான், கறுப்புக் கார் உறுமிக்கொண்டு பறந்துவிடும். அடுத்த வளைவில் மறுபடி பிடிப்பாள். கை வரவில்லை. கறுப்புக் கண்ணாடி ஏற்றியே இருந்தது. நாலு வட்டம் இதே கூத்து.

இறங்கியதும் நேரே செயலாளரிடம் போனாள். செயலாளர் அவனைக் கூப்பிட்டுக் கேட்டார். அவன் ஹெல்மெட்டைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, முகத்தைப் பச்சைப்பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டான்.

"பின்னாடி யாராவது இருந்தாங்களா? நான் யாரையும் பாக்கலையே."

பல்லக்காவுக்கு உள்ளங்கால் எரிந்தது. வண்டிக்குத் திரும்பிப்போய் டயர்க் காற்றைச் சரிபார்த்தாள். தம்பி தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

மத்தியானம் கைகழுவும் இடத்தில் அந்த மனைவி பக்கத்துக் குழாயில் நின்றாள். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தாள்.

"நீங்க ரொம்ப நல்லா ஓட்டுறீங்க. அவர் சொல்ற மாதிரியே இல்ல."

"அவர் எப்படிச் சொல்றார்?"

"அதான், அந்தக் கம்பம்…" சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள். "கடைசிச் சுற்று எல்லாருக்கும் பொதுவாம், புதுசா வந்தவங்களும் இறங்கலாமாம். ஹெல்மெட் போட்டுக்கிட்டு அவர் பக்கத்துல உக்காரப் போறேன். பயமா இருக்கு. நல்லாத்தானே ஓட்டுவார்?"

அந்த இடத்தில் ஒரு வாக்கியம் போதும். 'அந்தக் கம்பத்தை மோதினது அவர்தான்மா' என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போயிருக்கலாம். பல்லக்காவின் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் காலையில் பார்த்த சிரிப்பும் கூடவே வந்தது. பட்டுத் தெரிந்துகொள்ளட்டும், எனக்கு யார் வந்து சொன்னார்கள் என்று நினைத்தாள்.

"என்னைவிட உங்களுக்குத்தானே தெரியணும்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

கடைசிச் சுற்று மூன்றரை மணிக்கு. அதற்கு முன்பே செயலாளர் ஒலிபெருக்கியில் சொன்னார்: சுற்று முடிந்ததும் புதிய பயிற்சியாளருக்குப் பட்டயம் வழங்கப்படும். யாருக்கு என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லை. வரிசையில் வண்டிகள் நின்றபோது பல்லக்கா இரண்டு பேரைக் கெஞ்சிக் கறுப்புக் காருக்கு நேர் பின்னால் இடம் பிடித்தாள். முன் கண்ணாடி வழியே இரண்டு ஹெல்மெட்டுகள் தெரிந்தன. அவள் பார்த்தது ஒன்றை மட்டும்தான்.

முதல் வட்டத்திலிருந்தே விடவில்லை. வெயிலில் தடம் காய்ந்து கிடந்தது. நேர்ப்பாதையில் அவன் ஓடுவான். ஓடிய வேகத்துக்கு வளைவுக்கு முன்னால் அத்தனையையும் பிரேக்கில் அடக்க வேண்டும். பெரிய வண்டி, பெரிய பாரம். இரண்டாம் வட்டத்திலேயே அவன் சக்கரங்களிலிருந்து எரிந்த நாற்றம் வந்தது. பிரேக் சூடேறிவிட்டால் மிதிக்க மிதிக்க உள்ளே போகும், வண்டி நிற்காது. பாதுகாப்புப் பாடம் நடத்துகிறவனுக்கு இது தெரியாதா? தெரியும். பின்னால் வருவது வேறு யாராவது என்றால் எப்போதோ வழிவிட்டு, பிரேக்கை ஆறவிட்டிருப்பான்.

மூன்றாம் வட்டத்தில் கொடிக்காரர் நீலக் கொடியை அவனுக்கு நேரே நீட்டினார். அடுத்த கொடி மேடையிலும் நீலக் கொடி. தப்ப வழியில்லை. நேர்ப்பாதையில் கறுப்பு ஜன்னல் இறங்கியது. வெளியே வந்தது கை.

வந்தேவிட்டது! முழங்கைவரை வந்து, ஒரு விரலை நீட்டி, போ போ என்றது. ஒன்பது வருஷம் காத்திருந்த அந்தக் கையைப் பார்த்ததும் பல்லக்காவின் கண்ணில் தண்ணீர் முட்டியது. அழுத்தினால் போதும், தாண்டிவிடலாம். வந்த காரியம் முடிந்தது.

அவள் அழுத்தவில்லை.

ஏன் என்று அவளையே கேட்டால் அப்போது சொல்லியிருக்க மாட்டாள். தாண்டிவிட்டால் அந்தக் கை உள்ளே போய்விடுமே! இன்னும் கொஞ்சம் காட்டட்டும். கெஞ்சட்டும். அவள் அதே தூரத்தில் ஒட்டிக்கொண்டு வந்தாள். கை மறுபடி அசைந்தது. பிறகு கோபமாக அசைந்தது, ஈ விரட்டுவதுபோல. நாலாம் வட்டத்திலும் கை வெளியேதான் இருந்தது. அவன் தலை கண்ணாடியைப் பார்த்தது, முன்னால் பார்த்தது, மறுபடி கண்ணாடியைப் பார்த்தது. இத்தனை வருஷத்தில் அவன் அவளை இவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை.

நேர்ப்பாதை முடிந்தது. ஒற்றைக் கை ஸ்டீரிங்கில், பார்வை பின்னால். பிரேக்கை மிதிக்க வேண்டிய இடத்தைக் காட்டும் பலகையைத் தாண்டிய பிறகுதான் மிதித்தான். பிரேக் விளக்கு எரிந்தது, வண்டி நிற்கவில்லை. கறுப்புக் கார் வளைவை மறந்து நேரே ஓரத்து ஜல்லிக்குள் போனது, புழுதி கிளப்பிக்கொண்டு, பழைய டயர்களை அடுக்கிய தடுப்புச் சுவரில் இடக் கன்னத்தை மோதி நின்றது.

எங்கும் சிவப்புக் கொடி. பல்லக்கா ஓரமாக நிறுத்தினாள். 'ஒழிஞ்சான்' என்றது மனது. அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

மீட்பு வண்டி சுற்றி வருவதற்குள் இரண்டு பேரும் இறங்கிப் புழுதிக்குள் நின்றிருந்தார்கள். அரை மணி நேரம் கழித்து, பின்னால் வந்த வண்டி என்று பல்லக்காவைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். செயலாளர் அறையில் சங்கத்துக்காரர்கள் கூட்டமாக நின்றார்கள்; தம்பியும் கூடவே நுழைந்துவிட்டான். செயலாளர் மேஜையில் விபத்துப் படிவம் இருந்தது. மனைவியின் இடது கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். தலைமுடியெல்லாம் ஜல்லித் தூசி. அவன் பேசிக்கொண்டிருந்தான்.

"பொதுச் சுற்றுதானே, ஒரு தடவை ஓட்டிப் பாக்குறேன்னு ஆசைப்பட்டா. நானும் குடுத்துட்டேன், என் தப்புதான். பின்னாடி வண்டி வந்ததும் பதட்டப்பட்டுட்டா. புதுசு இல்லையா? பொம்பளைங்களுக்கு இது சகஜம்தானே சார்."

செயலாளர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். "நீங்களா ஓட்டினீங்க?"

அவள் தரையைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

பல்லக்காவுக்கு அந்தத் தலையாட்டல் தெரியும். அதற்குள் என்னவெல்லாம் இருக்கும் என்றும் தெரியும். அவருக்கு இன்றைக்குப் பட்டயம் இருக்கிறது, எனக்கு என்ன போகிறது, மஞ்சள் பட்டைதானே. அடுத்த மாதம் ஏதாவது ஒரு கல்யாணத்தில் இவளை வைத்து ஒரு கதை ஆரம்பிக்கும். இந்த முறை டயர்ச் சுவர்.

"அவர்தான் ஓட்டினார்," என்றாள் பல்லக்கா.

"ஏய்!" என்று திரும்பினான். "ஹெல்மெட்டுக்குள்ள யாருன்னு உனக்கு எப்படித் தெரியும்? பழைய பகையைத் தீத்துக்கப் பாக்குறியா?"

"பகை இருக்கு. நான் இல்லைன்னு சொல்லலையே." அவள் செயலாளரின் பக்கம் திரும்பினாள். "சார், ரெண்டு வட்டமா ஓட்டுற பக்கத்து ஜன்னல்லேர்ந்து கை வெளிய இருந்துச்சு. என்னைப் போ போன்னு காட்டிச்சு. நான் வேணும்னேதான் போகல. நீலக் கொடி காட்டினவரைக் கேளுங்க. கை வருதான்னு பாக்குறதுதானே அவர் வேலை."

"கை காட்டியும் முந்தலைன்னு நீங்களே சொல்றீங்க," என்றார் செயலாளர். "அப்ப உங்களுக்கும் ஒரு வருஷம் தடை."

"எழுதிக்குங்க. முதல்ல ஓட்டினவர்னு அவர் பேரை எழுதுங்க, கீழ என் பேரை எழுதுங்க."

கொடிக்காரரைக் கூப்பிட்டார்கள். கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தபடியே வந்தார். யார் கை என்று கேட்டதும் அவர் அந்த மனைவியின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார், அவன் கையைப் பார்த்தார்.

"அந்தம்மா கை இல்ல சார். நான் பாத்த கையில கரடி மாதிரி முடி இருந்துச்சு."

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அவன் சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டான். அதைப் பார்த்ததும் இன்னும் சிரித்தார்கள். செயலாளர் மறுபடி அந்தப் பெண்ணைக் கேட்டார். இந்தத் தடவை அவள் தரையைப் பார்க்கவில்லை.

"அவர்தான் ஓட்டினார். அப்படிச் சொல்லச் சொன்னார்."

"அந்த விளக்குக் கம்பத்தையும் அவர்தான் மோதினார்," என்றாள் பல்லக்கா. "அதையும் அப்படித்தான் சொல்லச் சொன்னார்."

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். காலையில் சிரித்த அதே முகங்கள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்ததால் மூடிக்கொண்டான். பல்லக்கா படிவத்தில் தன் பெயருக்கு எதிரே கையெழுத்துப் போட்டாள். ஓராண்டுத் தடைக்கு அவ்வளவு அழகாக யாரும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்கள்.

வெளியே தம்பி முகம் தொங்கிப்போய் மிதியடிகளைக் காருக்குள் போட்டான்.

"இதை ஏன்கா எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"அம்மாகிட்ட சொன்னேன். நீ பக்கத்துல உக்காந்து மேட்ச் பாத்துக்கிட்டிருந்த."

அவன் குடையை எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். பல்லக்காவுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. நெஞ்சு லேசாக இருந்தது. ஊருக்கே ஒரு விருந்து வைக்கலாம்போல் இருந்தது.

அப்போதுதான் அந்த மனைவி வந்தாள். தனியாக. கட்டுப்போட்ட கையை மறு கையால் தாங்கிக்கொண்டு வெள்ளைக் காரின் முன்னால் நின்றாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று பல்லக்கா நினைத்தாள். நன்றியை எப்படிப் பெருந்தன்மையாக வாங்கிக்கொள்வது என்றுகூட யோசித்துவிட்டாள்.

"மத்தியானமே உங்களுக்கு இதெல்லாம் தெரியும்."

"தெரியும்."

"நல்லா ஓட்டுவாரான்னு நான் கேட்டேன்."

பல்லக்கா கதவில் ஒட்டியிருந்த டேப்பின் நுனியைச் சுரண்டினாள்.

"கை காட்டினப்போ நீங்க போயிருக்கலாம். போங்க போங்கன்னு உள்ள நானும் கத்துறேன். நீங்க போகவே இல்ல." அவள் குரல் உயரவில்லை. "அந்த வண்டியில நானும் இருந்தேன்."

டயர்ச் சுவரில் மோதியது இடப்பக்கம். இவள் உட்கார்ந்திருந்த பக்கம். பல்லக்கா அதை இப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தாள். கார்ச் சாவி கையிலிருந்து நழுவியது. தொழிலுக்கு வந்த இத்தனை வருஷத்தில் எதையும் நழுவவிடாத கை.

"அவன் விழணும்னு நெனச்சேன்," என்றாள். "உங்களை நெனக்கவே இல்ல."

அதைவிட மன்னிப்புக் கேட்பது சுலபமாக இருந்திருக்கும். ஆனால் அதுதான் உண்மை, அதை மட்டும்தான் அந்தப் பெண்ணுக்குக் கொடுக்க முடிந்தது. அவள் அதைக் கேட்டுக்கொண்டாள். பிறகு கையைத் தாங்கிப் பிடித்தபடி, கறுப்புக் கார் நின்ற பக்கம் திரும்பாமல், வாசலை நோக்கி நடந்து போனாள்.